தொலைந்துபோன ஐந்து அங்குலம்

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் பழைய நெடுஞ்சாலைகள் பல காங்கிரீட்டால் ஆனவை. பலகை பலகையாக வார்க்கப்பட்டவை என்பதால் ஒவ்வொரு பலகையின் முடிவிலும் ஓர் இணைப்பு இருக்கும். அதைக் கடக்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு ஒரு சின்னத் தட்டு விழும். இணைப்புகளுக்கு இடையே நாலரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு வினாடிக்கு ஆறு தட்டுகள். நல்ல காரில் அது சத்தமாக மட்டும் கேட்கும். அதே சாலையில் 1970ஆம் ஆண்டின் செவர்லே சி-10 பிக்கப் ஒன்று வருகிறது. தரையை ஒட்டி இறக்கப்பட்ட வண்டி. பின்சக்கரத்தின் மேல்பகுதி உடலுக்குள் புதைந்து கிடக்கிறது. சாலையோரம் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். உள்ளே ஓட்டுபவரின் முதுகெலும்பு வினாடிக்கு ஆறு தடவை குலுங்குகிறது.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிக அதிகமாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான எல்லைக்குள்தான். உடலின் மீதான அதிர்வை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலை அப்படித்தான் கணக்கிடுகிறது. ஆறு அதன் நட்ட நடுவில் இருக்கிறது.

ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதுதான் காரணம் என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பாதி உண்மை. இறக்கப்பட்ட பிக்கப்பின் பின்பக்கத்தில் உண்மையில் தொலைந்துபோனது இடம்: அச்சுக்கும் அதன் மேலே ஓடும் சேசிஸுக்கும் இடையில் இருந்த வெற்றிடம். அதை மீட்காமல் எத்தனை விலையுள்ள ஸ்பிரிங்கை மாட்டினாலும் வண்டி உதைத்துக்கொண்டேதான் இருக்கும். பழைய பிக்கப்பின் பின் சஸ்பென்ஷனைத் திருத்தும் வேலை முழுவதும் இந்த ஒரு இழப்பைச் சுற்றியே நடக்கிறது.

வண்டியை இறக்கும் பழக்கத்துக்குக் கலிஃபோர்னியாவில் நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க இளைஞர்கள் பழைய செவர்லே கார்களைத் தாழ்த்தி, நகர வீதிகளில் மெதுவாக ஊர்வலம் போல ஓட்டினார்கள். 1950களின் இறுதியில் மாநில அரசு அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது: வண்டியின் எந்தப் பாகமும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கும்படி மாற்றியமைக்கக் கூடாது. அந்தத் தடை நீங்குவதற்கு 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்களிலிருந்து இந்த ரசனை பிக்கப்புக்குத் தாவியது இயல்பான நகர்வு. விவசாயியும் தச்சரும் உழைத்துத் தேய்த்த சரக்கு வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. 1967 முதல் 1972 வரை வந்த சி-10இன் உடலமைப்பு தாழ்ந்து நிற்கும்போது தனி அழகு கொண்டது. முன்பக்கம் மூன்று நான்கு அங்குலம், பின்பக்கம் ஐந்து ஆறு அங்குலம் இறக்குவது வழக்கமான அளவு. சரக்கு ஏற்றும்போது சமமாக நிற்பதற்காகப் பிக்கப்பின் பின்பக்கம் பிறவியிலேயே சற்றுத் தூக்கலாக இருக்கும். அதனால்தான் பின்னால் கூடுதலாக இறக்குகிறார்கள்.

பின்பக்கத்து ஐந்து அங்குலம் என்பது ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி நிற்கும் பிக்கப்பில் அச்சு மேலே எழும்புவதற்கு இருந்த இடமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த இடத்தின் உச்சியில் ஒரு ரப்பர் கட்டை, ஆங்கிலத்தில் பம்ப் ஸ்டாப், பொருத்தப்பட்டிருக்கும். மோசமான பள்ளத்தில் அச்சு மிக உயரே எழும்பினால், இரும்பும் இரும்பும் மோதாமல் கடைசி நேரத்தில் தாங்குவது அதன் வேலை. ஐந்து அங்குலம் இறக்கிய வண்டியில் அச்சு சும்மா நிற்கும்போதே அந்த ரப்பரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்போது வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங் இல்லை, ரப்பர் கட்டைதான். ஒவ்வொரு காங்கிரீட் இணைப்பும் நேராகச் சேசிஸில் இறங்குகிறது.

ஸ்பிரிங்கைப் பற்றிய ஓர் எளிய கணக்கு இங்கே உதவும். வண்டியின் எடையால் ஒரு ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால், அந்த ஸ்பிரிங்கின் மேல் வண்டி இயல்பாக வினாடிக்கு எத்தனை தடவை ஆடும் என்பது கிடைக்கும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் வினாடிக்கு ஒன்று. ஆறேகால் சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால் வினாடிக்கு இரண்டு. உடலுக்கு இதமான ஆட்டம் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையே இருக்கிறது. பயணிகள் கார்கள் அங்கேதான் வடிவமைக்கப்படுகின்றன. பிக்கப்புக்கு அந்த வசதி கிடையாது. வெறும் வண்டியாக அதன் பின் ஸ்பிரிங்குகள் 600 கிலோவைத் தாங்கி 6 சென்டிமீட்டர் அமுங்குவதாகக் கொள்வோம். 500 கிலோ சரக்கு ஏறியதும் அமுக்கம் 11 சென்டிமீட்டராகிறது. ஆட்டம் இரண்டிலிருந்து ஒன்றரைக்கு இறங்குகிறது. சரக்கோடு போகும் பிக்கப் பதமாக ஓடுவதும், காலியாகப் போகும்போது தூக்கித் தூக்கிப் போடுவதும் இதனால்தான்.

இறக்கப்பட்ட வண்டியின் சிக்கல் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். பதமான ஸ்பிரிங்குக்கு அசைய நிறைய இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் அச்சு ரப்பரில் மோதாமல் இருக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க வேண்டும். கெட்டியாக்கினால் ஆட்டத்தின் வேகம் கூடி உடம்பு நோகும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும், இடத்தை மீட்காத வரை.

மலிவாக வண்டியை இறக்கப் பலர் செய்த வேலை, சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றுகளை வெட்டி எறிவது. சுருளின் கெட்டித்தன்மை சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறும்; எட்டு சுற்று ஆறானால் ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இறுகும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேஸ் டார்ச்சால் சுருளைச் சிவக்கக் காய்ச்சி அது தானாகத் தொய்ந்து இறங்கும்வரை காத்திருப்பதை ஒருபோதும் பொறுக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகின் உறுதி அதைக் குறிப்பிட்ட வெப்பத்தில் பதப்படுத்துவதால் வருகிறது. கண்டபடி காய்ச்சினால் சில இடங்களில் பதம் போய் மென்மையாகும், சில இடங்களில் உடையும் தன்மை வரும். எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இடத்தை மீட்கும் வேலை சேசிஸிலிருந்து தொடங்குகிறது. அச்சுக்கு நேர் மேலே சேசிஸ் சட்டத்தின் அடிப்பகுதியை அரைவட்டமாக வெட்டியெடுத்து, அந்த வளைவை ஒட்டித் தடித்த எஃகுத் தகட்டை வைத்துப் பலப்படுத்துகிறார்கள். வெட்டு ஆங்கில எழுத்து ‘சி’யைக் கவிழ்த்த மாதிரி இருப்பதால் ‘சி-நாட்ச்’ என்று பெயர். கேட்பவர்களுக்குத் திகில் தரும் வேலை இது: வண்டியின் முதுகெலும்பையே வெட்டுகிறார்களே! பயம் நியாயமானது. சேசிஸ் சட்டம் ‘ப’ வடிவத்தைச் சாய்த்துப் போட்டது போன்ற தகட்டுக் கால்வாய். எடை அழுத்தும்போது வளைவை எதிர்த்து நிற்பதில் பெரும்பங்கு அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உரியது; நடுச்சுவர் அவற்றைத் தூரமாகப் பிடித்துவைக்கிறது. வெட்டியவுடன் கீழ் விளிம்பு அறுந்துபோகிறது, உயரமும் குறைகிறது. ஆகவே பொருத்தும் தகடு வெறும் சுவராக இருந்தால் போதாது. அரைவட்டத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு புதிய கீழ் விளிம்பையும் அது தர வேண்டும். வெட்டின் இருபுறமும் போதுமான நீளத்துக்கு அது நல்ல சட்டத்தோடு சேர வேண்டும். இப்படிச் செய்த சி-நாட்ச் ஐந்தாறு சென்டிமீட்டர் இடத்தைத் திருப்பித் தரும். துரு ஏறிய ஐம்பது வயதுச் சட்டத்தில் இதைச் செய்வதற்கு முன் துருவை முழுக்கச் சுரண்டிப் பார்க்காத பட்டறைக்கு வண்டியைக் கொடுக்கவே கூடாது.

சி-10இன் பின்பக்கம் தனிக் கவனம் பெற வேண்டிய ஒன்று. அந்தக் காலத்துப் பிக்கப்புகள் பெரும்பாலும் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கில் நின்றன. செவர்லே 1960இல் தன் அரை டன் பிக்கப்புக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் கொடுத்தது. 1972 வரை அப்படியே தொடர்ந்தது. சேசிஸின் நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்திலிருந்து இரண்டு நீண்ட எஃகுக் கைகள் பின்னோக்கி விரிந்து ‘வி’ வடிவில் அச்சைப் போய்ப் பிடிக்கும். கைகளின் மேல் சுருள்கள் அமர்ந்திருக்கும். அச்சை முன்பின்னாக நகராமல் நிறுத்துவதும், எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்குவதும் அந்தக் கைகள்.

அந்தக் கைகளின் குறுக்குவெட்டில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இரண்டு ‘ப’ வடிவத் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டி, ரயில் தண்டவாளத்தின் சாயலில் செய்யப்பட்டவை அவை. ஒரு மூங்கில் குழாயை இரு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கினால் எளிதாகத் திரும்பும். மூடிய குழாய் முறுக்கலுக்கு இடம் கொடுக்காது, திறந்த வடிவம் கொடுக்கும். வண்டி வளைவில் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போகும். அச்சு சாய, அதோடு இறுகப் பிணைந்த கைகள் முறுகியாக வேண்டும். திறந்த வடிவக் கை வளைவை உறுதியாக எதிர்க்கிறது, முறுக்கலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறது. இது தெரியாமல், பலப்படுத்துகிறோம் என்று கையின் இரு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டியாக்கிவிடுபவர்கள் உண்டு. கை உறுதியாகிறது, ஆனால் சஸ்பென்ஷன் பூட்டிக்கொள்கிறது. பிறகு விசை முழுவதும் கையின் முன்முனையைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷிலும் குறுக்குச் சட்டத்திலும் போய் மோதும்.

இந்த அமைப்பு எவ்வளவு நல்லது என்பதற்கு ஒரு சாட்சி போதும். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுபவை, செவர்லே பிக்கப்பின் இந்தக் கைகளைத்தான் பின் சஸ்பென்ஷனாக எடுத்துக்கொண்டன. பெயரே ‘டிரக் ஆர்ம்’. உச்சப் பிரிவில் 2021 பந்தயப் பருவம் வரை அது நீடித்தது. 2022இல் வந்த புதிய தலைமுறைக் காரில்தான் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும் முறை வந்தது. வயல்வரப்பில் வைக்கோல் சுமக்கச் செய்த பாகம் அரை நூற்றாண்டு பந்தயப் பாதையில் ஓடியிருக்கிறது. சி-10 வைத்திருப்பவர் அதைக் கழற்றி வீசுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் கைகளால் அச்சைப் பக்கவாட்டில் சரியாக நிறுத்த முடியாது. அதற்கென்று ஒரு குறுக்குக் கம்பி உண்டு. ஒரு முனை சேசிஸில், மறுமுனை அச்சில். பிரான்சின் பழைய கார் நிறுவனமான பனார் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கம்பி ஒரு முனையில் நிலைத்து மறுமுனையில் மேலும் கீழும் ஆடுவதால், அந்த முனை நேர்கோட்டில் போகாமல் வட்டத்தின் வில்லாகப் போகும். கம்பி படுக்கையாக இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. 60 சென்டிமீட்டர் கம்பி படுக்கை நிலையிலிருந்து 5 சென்டிமீட்டர் எழும்பினால் அச்சு இரண்டு மில்லிமீட்டர்தான் பக்கவாட்டில் நகரும். வண்டியை 12 சென்டிமீட்டர் இறக்கினால் கதை மாறுகிறது. கம்பி சாய்ந்து நிற்கிறது. சும்மா நிற்கும்போதே அச்சு ஒரு பக்கமாக 12 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இறக்கிய வண்டியில் ஒரு பக்க டயர் மட்டும் உடலில் உரசுவதற்கு இதுதான் காரணம். அதிலிருந்து இன்னொரு 5 சென்டிமீட்டர் எழும்பினால் மேலும் 12 மில்லிமீட்டர். அதே பள்ளம், ஆறு மடங்கு நகர்வு. ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் பின்பக்கத்தை யாரோ பக்கவாட்டில் தள்ளுவது போலிருக்கும்.

திருத்தம் எளியது. நீளமான கம்பி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு மரை, வண்டி நிற்கும் உயரத்தில் கம்பி படுக்கையாக வருமாறு புதிய தாங்கி. 90 சென்டிமீட்டர் கம்பி படுக்கையாக இருந்தால் அதே 5 சென்டிமீட்டர் எழுச்சிக்கு நகர்வு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சி-10க்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். இன்னும் துல்லியம் வேண்டுபவர்கள் ஜேம்ஸ் வாட்டின் இணைப்பு முறைக்குப் போகிறார்கள். நீராவி எஞ்சினின் தண்டை ஏறக்குறைய நேர்கோட்டில் நகர்த்த அவர் 1784இல் காப்புரிமை பெற்ற இணைப்பு முறை அது. தன் கண்டுபிடிப்புகளில் அதைப் பற்றியே அதிகம் பெருமைப்பட்டதாக வயதான காலத்தில் எழுதினார். இரண்டு கம்பிகளும் நடுவில் சுழலும் ஒரு கட்டையும் சேர்ந்து, ஒரு பக்க வில்லை மறுபக்க வில்லால் ஈடுகட்டிவிடும்.

இறக்கிய வண்டியில் அடுத்துக் கெடுவது கோணம். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் இரு முனையிலும் கிராஸ் எனப்படும் யூ-ஜாயின்ட் இருக்கும். அந்த ஜாயின்ட் வளைந்த நிலையில் சுழலும்போது வேகத்தைச் சீராகக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 3 பாகை வளைவில் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. 10 பாகையில் நூற்றுக்கு ஒன்றரை. இரு முனைகளிலும் வளைவு சமமாக இருந்தால் ஒன்று செய்யும் கோளாறை மற்றது அழித்துவிடும். சி-10இல் கைகள் அச்சோடு இறுகப் பிணைந்தவை என்பதால், கை சாய்ந்தால் அச்சின் மூக்கும் சாயும். ஒன்றேகால் மீட்டர் நீளக் கை என்று வைத்து, சுருளை மட்டும் குட்டையாக்கிப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இறக்கினால் சாய்வு கிட்டத்தட்ட 6 பாகை. சமன் குலைந்தது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் தண்டு வினாடிக்கு 100 தடவை அதிரும்; தரையில் பதித்த பாதத்துக்கும் அது தெரியும். கைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவ எஃகுத் துண்டை வைத்துக் கோணத்தை மீட்பதே இதற்கு மருந்து. அளப்பதற்கு ஒரு சின்னக் கோணமானி போதும். இன்றைய கைப்பேசியே அந்த வேலையைச் செய்துவிடும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிகளின் துன்பம் வேறு மாதிரி. தமிழில் இந்த ஸ்பிரிங்குக்கு ‘வில்’ என்றே பெயர். அச்சுக்கு மேல் அதைப் பொருத்திய மாட்டு வண்டிதான் வில்வண்டி. ஒரே தடித்த பட்டைக்குப் பதில் பல மெல்லிய பட்டைகளை அடுக்குவதற்குக் காரணம், பட்டையின் கெட்டித்தன்மை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவது. தடிமனைப் பாதியாக்கினால் ஒரு பட்டையின் கெட்டித்தன்மை எட்டில் ஒன்றாகிறது. அப்படி இரண்டை அடுக்கினாலும் பழையதில் கால்பங்குதான். எஃகு உடையாமல் நிறைய வளைய இந்த அடுக்கு வழிசெய்கிறது. 1973 முதல் வந்த செவர்லே பிக்கப்புகள், ஃபோர்டு எஃப்-100, டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் இந்த வகை. இங்கே ஸ்பிரிங் எடையை மட்டும் சுமப்பதில்லை. அச்சை இடம்பெயராமல் பிடிப்பதும், முறுக்கு விசையைத் தாங்குவதும் அதன் பொறுப்பு.

ஸ்பிரிங் அச்சின் மேலே அமர்ந்திருக்கும் வண்டியில் அச்சைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். ஒரே அடியில் ஐந்தாறு அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கின் தன்மை மாறாது. ஸ்பிரிங் ஏற்கெனவே அச்சுக்குக் கீழே இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி, நீண்ட யூ-போல்ட்டால் இறுக்குவார்கள். ஆக மலிவான முறை. ஆனால் கட்டையின் உயரம் நெம்புகோலாக வேலை செய்யும். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும்போது அச்சின் கூடு எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். கட்டை உயர உயர அந்தத் திருப்பம் பட்டைகளை ‘எஸ்’ வடிவில் வளைக்கும். ஓர் எல்லையில் பட்டை திமிறித் திரும்பும், டயர் பிடி விட்டுத் துள்ளும், மறுபடி வளையும். புறப்படும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கும் வண்டிகளின் நோய் இது. அச்சிலிருந்து சேசிஸுக்கு ஓர் உறுதியான கம்பியைக் கட்டி அந்தத் திருப்பத்தைத் தடுக்கிறார்கள். ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டை அடுக்குவது ஆபத்து. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

ஹைலக்ஸ் போன்ற பழைய ஜப்பானியப் பிக்கப்புகளில் பலர் கவனிக்காத இன்னொரு கண்ணி இருக்கிறது. பின்பிரேக்குக்குப் போகும் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஒரு கம்பி வழியாக அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள தூரம் குறைந்தால் வண்டியில் சரக்கு ஏறியிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு, பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். வண்டியை இறக்கியவர் அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால் வால்வுக்கு வண்டி எப்போதும் சரக்கோடு இருப்பதாகவே தோன்றும். காலி வண்டியில், மழை நாளில், பின்சக்கரங்கள் முன்கூட்டியே இறுகிப் பின்பக்கம் வழுக்கித் திரும்பும். உயரத்தை மாற்றும்போது பிரேக்கும் மாறுகிறது என்பதை வண்டி கற்றுக்கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஷாக் அப்சார்பரை எடுத்துக்கொண்டால், இறக்கிய வண்டியில் பழைய நீளத்து ஷாக் எப்போதும் பாதிக்கு மேல் அமுங்கியே இருக்கும். பெரிய பள்ளத்தில் அதன் தண்டு அடியில் போய் இடித்து ஷாக் பாழாகும். குட்டையான ஷாக் வேண்டும். சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவே நிமிர்த்தி வைக்க இடமில்லை என்று சாய்த்துப் பொருத்துபவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: 45 பாகை சாய்த்தால் ஷாக்கின் தாக்கம் நேராக நிற்பதில் சரிபாதியாகிவிடும். சாய்வு ஷாக்கின் நகர்வையும் குறைக்கிறது, அது தரும் விசையையும் குறைக்கிறது, இரண்டும் பெருகி இந்த இழப்பு வருகிறது. 20 பாகைக்குள் வைத்தால் நூற்றில் பன்னிரண்டு பங்குதான் போகும்.

இன்று இறக்கிய பிக்கப் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காற்றுப்பை. நார் பொதிந்த ரப்பர் பைக்குள் காற்றை அடைத்து ஸ்பிரிங்காக்குவது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்குச் செய்துகொடுத்த சீனிக்ரூசர் பேருந்துகள் காற்றில் மிதந்து ஓடின. 1957இல் காடிலாக்கின் எல்டொராடோ புரோம் காருக்கும் அது வந்தது. காற்று கசிந்து கசிந்து, உரிமையாளர்கள் பலர் கடைசியில் எஃகுச் சுருளுக்கே திரும்பினார்கள். இன்றைய பைகளும் குழாய்களும் எவ்வளவோ தேறியவை.

பிக்கப்புக்குக் காற்றுப்பை பொருந்துவதற்கு உண்மையான அறிவியல் காரணம் ஒன்று உண்டு. எஃகு ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை மாறாதது. அதனால்தான் காலியாக இருக்கும்போது இரண்டு, சரக்கோடு ஒன்றரை என்று ஆட்டம் மாறியது. காற்றுப்பையில் சரக்கு ஏறியதும் கம்ப்ரஸர் காற்றைக் கூட்டி வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கும். உள்ளழுத்தம் கூடுவதால் பையின் கெட்டித்தன்மையும் கிட்டத்தட்ட எடைக்கு ஏற்ப உயரும். எடையும் கெட்டித்தன்மையும் ஒன்றாக ஏறினால் ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பேருந்துகள் காற்றை நாடியதும் இதற்காகத்தான். காலியாகவும் நிரம்பியும் ஓட வேண்டியவை அவை. ஆனால் பொத்தானை அழுத்தி வண்டியைத் தரையில் படுக்கவைக்கும் வித்தைக்கும் ஓட்டும் சுகத்துக்கும் தொடர்பில்லை. படுத்த நிலையில் பைக்கு அசைவே கிடையாது. காற்றுப்பை எந்த உயரத்தில் இதமாக ஓடும் என்பதை முதலில் முடிவுசெய்து, குறுக்குக் கம்பியின் படுக்கையையும் சுழலும் தண்டின் கோணத்தையும் அந்த உயரத்துக்கே அமைக்க வேண்டும். காட்சிக்குப் படுத்துக்கிடக்கும் உயரத்துக்கு அமைத்துவிட்டு ஓட்டும்போது நோகிறது என்று புலம்புவதில் பொருள் இல்லை.

கைகளையெல்லாம் அகற்றிவிட்டு நான்கு தனிக் கம்பிகளால் அச்சைப் பிடிக்கும் அமைப்பு விலை கூடியது. 400 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தியவர்களுக்கும் பந்தயம் ஓட்டுபவர்களுக்கும் அது வேண்டும். வாரக்கடைசியில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் சி-10க்கு அது அவசியமில்லை. நல்ல புஷ், சி-நாட்ச், நீண்ட குறுக்குக் கம்பி, சரியான ஆப்பு, குட்டை ஷாக், நுரை ரப்பரில் செய்த மென்மையான புதிய பம்ப் ஸ்டாப்: இவ்வளவு போதும். புதிய பிக்கப்புகளும் செவர்லே 1960இல் பிடித்த பாதைக்கே வந்திருக்கின்றன. 2009 டாட்ஜ் ராம் 1500 பின்னால் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. 2021இல் ஃபோர்டின் எஃப்-150 ராப்டரும் மாறியது.

இந்தியாவில் இதைப் படித்துவிட்டு வீட்டு வண்டியை இறக்க நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பார்த்துவிட வேண்டும். தயாரிப்பாளர் பதிவுசெய்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதை அது தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

பட்டறையிலிருந்து வண்டி திரும்பியதும் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு ஆகாது. பின் ஷாக்கின் தண்டு வெளியே தெரியும் இடத்தில், உறைக்கு ஒட்டினாற்போல் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைச் சுற்றி இறுக்குங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான வேகத்தில், வழக்கமான சுமையோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் உறை அந்தப் பட்டையைத் தள்ளிக்கொண்டே போகும். மிக மோசமான பள்ளத்தில் எங்கே கொண்டுபோனதோ அங்கேயே விட்டுவிடும். வாரக் கடைசியில் குனிந்து பாருங்கள். பட்டை தண்டின் கடைசி முனைவரை போயிருந்தால், ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள்; வண்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுபோய் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் இடம் கேளுங்கள்.